பை பாத்துக்க ஒரு ஆள்

இன்னைக்குக் காலையில டீக்கடையில எங்க தெரு தம்பியைப் பார்த்தேன். மாசம் ஒரு தடவை கல்வராயன் மலைக்கு ட்ரெக்கிங் கூட்டிட்டுப் போறவன்.

"அடுத்த தடவை நானும் வரேன்பா"ன்னேன்.

என் இடது கால்ல மாட்டியிருக்கற இரும்புக் காலிப்பரைப் பார்த்தான். சின்ன வயசுல வந்த போலியோ.

"அது பயங்கர கரடுமுரடான பாதைண்ணே. உங்களுக்காக சிமெண்ட் ரோடு போட்டா அப்புறம் அது காடா?"

சிமெண்ட்டை யாருப்பா கேட்டா? எனக்கும் காடு காடாத்தான் வேணும்.

"எங்க வழுக்கும், எங்க செங்குத்தா ஏறணும்னு உங்க வாட்ஸ்அப் குரூப்புல முன்னாடியே எழுதிப் போடுங்க. முடியுமா முடியாதான்னு நான் பாத்துக்கறேன்"னேன்.

"முன்னாடியே தெரிஞ்சிட்டா த்ரில்லு போயிடும்ணே."

நான் செராமிக் கம்பெனியில வேலை செய்யறவன். சுடாத பொம்மைங்களைப் பலகையில அடுக்கி, தோள்ல வச்சு, மேடும் பள்ளமுமா கிடக்கற ஷெட்டைத் தாண்டி தினமும் சூளைக்குக் கொண்டு போறேன். ஒரு தடவை தடுக்குனா மொத்தமும் தூளு. அங்க எவனும் என் காலைப் பத்திக் கவலைப்பட்டது கிடையாது.

இதையெல்லாம் அவன்கிட்ட சொல்ல இன்னைக்குத் தெம்பில்ல. டீயைக் குடிச்சேன்.

பாவம், அவனுக்கு மனசு கேக்கல.

"நீங்க கண்டிப்பா வாங்கண்ணே. அடிவாரத்துல உக்காந்து எங்க பையெல்லாம் பாத்துக்கங்க. அதைத் தூக்கிக்கிட்டு எங்களால ஏறவே முடியல."

எத்தனை பைன்னு மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன்.

எல்லாத்தையும் ஒரு பலகையில அடுக்கி, தூக்கிக்கிட்டு நானே மேல ஏறிடலாமான்னு யோசிக்கறேன். என்ன சொல்றீங்க?