அச்சு பூட்டித்தான் இருந்தது

அக்கா என்டர் விசையை அழுத்துவதற்கு முன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். திரையில் இருக்கும் வரியை உதடு மட்டும் அசையப் படிப்பார். பிறகு அடுப்பில் சூடு பார்ப்பதுபோலச் சுண்டுவிரலால் ஒரு தொடுதல். அதுவும் நிஜ ஓட்டம் அல்ல. கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய எந்த ஸ்கிரிப்டையும் முதல் தடவை எதையும் செய்யவிடாமல், செய்யப்போவதைத் திரையில் எழுத மட்டும் வைப்பார்.

"மொதல்ல வாயால சொல்லட்டும். அப்புறம் கையால செய்யட்டும்."

எங்கள் கணினிப் பயிற்சி நிலையத்தில் அவருக்கு 'ஒத்திகை அக்கா' என்று பெயர். கணினி பழுதுபார்க்கும் ஸ்க்ரூ அண்ணன் வைத்தது.

"என்ன ஒத்திகை, டீ குடிக்கறதுக்கும் ஒரு தடவை பாத்துக்கலையா?"

"உனக்குத்தான் அது வேணும். போன வாரம் சட்டைதானே குடிச்சுது?"

மூன்றாம் மாடியில், திறக்க வராத ஜன்னல் கொண்ட ஓர் அறையில் நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். சர்வருக்குள் நுழைய இருவருக்கும் ஒரே கடவுச்சொல். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் மேசையில் கிடக்கும் கவிதைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பக்கத்துக்கு நாலு வரிதானா? மிச்சத் தாள்ல நீ எழுதிக்கணுமா தம்பி?" என்பார். சிரிப்பேன். அதுதான் என் பதில்.

நாற்பது மாணவர்களுக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் நாற்பது மெய்நிகர் கணினிகளை அக்காவின் ஸ்கிரிப்ட் பதினோரு நிமிடத்தில் உருவாக்கிவிடும். இணையத்திலிருந்து இறக்கிய, இயங்குதளம் முன்பே நிறுவிய ஆயத்தப் படிமம் ஒன்று எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். அதை 'அச்சு' என்போம். அச்சடித்த பக்கத்தின் மேல் கண்ணாடித்தாள் வைத்து எழுதுவதுபோல, ஒவ்வொருவர் செய்ததும் அவரவர் தாளில் மட்டும் பதியும். அடிப்பக்கம் நாற்பது பேருக்கும் பொது. அதில் எதையாவது மாற்றினால் மேலே எழுதியது எதுவும் பொருந்தாது. அதனால் அந்தக் கோப்பில் யாரும் எழுத முடியாதபடி அக்கா பூட்டி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. மூன்று வார வேலை அந்த நாற்பது தாள்களில் இருந்தது. தேர்வு ஒழுங்காக முடிந்தால் அக்காவின் ஒப்பந்த வேலை நிரந்தரமாகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அக்காவும் அவருடைய அம்மாவும் அக்காவின் சொந்த அண்ணன் வீட்டில், சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டில் மட்டும் கொள்கிற அறையில் இருந்தார்கள். வேலை நிரந்தரமானால் தனி வீடு. தொலைபேசியில் அம்மாவிடம் அக்கா சொல்வது எதிர் மேசைக்குக் கேட்கும்.

"அண்ணிகிட்ட இப்பவே மூச்சு விடாதம்மா. கடிதம் கைக்கு வரட்டும்."

செவ்வாய்க்கிழமை மாணவர் ஒருவர் வந்து, எல்லாக் கணினியிலும் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்றார். "தேர்வு முடியட்டும். இப்ப ஒத்திகை பாக்க நேரமில்ல," என்றார் அக்கா.

மதியம் அவர் சாப்பிடப் போனார். அன்று மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை; கணினிகள் எல்லாம் அணைந்திருந்தன. நாற்பது இடத்தில் மாற்றுவானேன், அடியில் ஒரே இடத்தில் மாற்றினால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. பூட்டு எதற்கென்று அப்போது யோசிக்காமல் திறந்தேன். அச்சையே ஒரு கணினியாக இயக்கினேன். கடிகாரத்தைச் சரிசெய்தேன். அது பாட்டுக்கு எதையெதையோ புதுப்பித்துக்கொண்டது. அணைத்தேன், மறுபடி பூட்டினேன். பத்து நிமிடம். அக்கா வந்ததும் சொல்லிப் பாராட்டு வாங்க வேண்டும் என்றிருந்தேன். அவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். சொல்லவில்லை.

புதன் காலை முப்பத்தொரு கணினிகள் எழவே இல்லை. எழுந்த ஒன்பதும் கோப்புகளை அரைகுறையாகக் காட்டின. முந்தின நாள் நான் அச்சைத் திறந்தது நினைவுக்கு வந்தது. மேலாளர் பேசிக்கொண்டிருந்த போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அச்சு பூட்டித்தானே இருக்கு? பாரு."

பார்த்தேன்.

"பூட்டித்தான் இருக்கு அக்கா."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றுவரை என் வாயிலிருந்து வந்த மிகக் கேவலமான வாக்கியம் அது.

அதை நம்பி அக்கா அச்சைச் சந்தேகத்திலிருந்து விலக்கினார். அப்படியானால் தாள்கள்தான் கெட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒத்திகை, கைகள் மடியில், அசையும் உதடுகள். இடையில் பத்து தடவையாவது வாய் திறந்தேன். ஒரு தடவை "அக்கா" என்றே சொல்லிவிட்டேன்.

"என்ன?"

"தண்ணி வேணுமா?"

"வை."

மூன்று மணிக்கு மேலாளர் கதவருகே வந்து நின்றார்.

"அத்தனை ஒத்திகை பாத்தீங்களே, இதுக்குப் பாக்கலையா?"

அக்கா அடுத்த தாளின் ஒத்திகையைத் தொடங்கினார். நான் என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழுதுபார்க்கப் போய்த் தாள்கள் மொத்தமாகக் கெட்டன. தேர்வு தள்ளிப்போனது. நிரந்தரக் கடிதம் வரவில்லை. மாதக் கடைசியோடு ஒப்பந்தமும் முடிந்தது. ஸ்க்ரூ அண்ணன் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஜோக் எதுவும் அடிக்காமல் முன்னால் நடந்தார். அக்கா என் மேசையருகே நின்றார்.

"அந்தக் கடிகாரத்த மறந்துடாத தம்பி. புதுசா உருவாக்கறப்பவே ஸ்கிரிப்ட்ல சேத்துடு."

தலையாட்டினேன்.

நான்கு மாதம் கழித்து, அவருடைய ஸ்கிரிப்டை முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்து வரிவரியாகப் படித்தேன். இறக்கிய படிமத்தின் பிரதி ஒன்றை 'அசல்' என்ற கோப்புறையில் அது முதல் வேலையாக எடுத்து வைக்கிறது. அந்தப் பிரதி இன்னும் அங்கேயே இருந்தது. மூன்று சோதனைக் கணினிகளை உருவாக்கி, அன்று செய்ததையே அவற்றின் அச்சில் செய்தேன். மூன்றும் விழுந்தன. தாள்களைத் தொடாமல், அச்சை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அசலை வைத்தேன்.

மூன்றும் எழுந்தன. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆனது. அந்தப் புதன் காலை, பழுதுபார்க்கும் முதல் வரிக்காக அக்கா கைகளை மடியில் வைத்திருந்தபோது, நாற்பது தாள்களும் கெடாமல்தான் இருந்திருக்கின்றன.