சோறில்லாத தட்டு

ஓவன் வந்த அன்று அதை வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை. அடுக்களை மேடையில் மிக்ஸியும் கேஸ் அடுப்பும் தண்ணீர்க் குடமும் ஏற்கனவே நெருக்கிக்கொண்டு நின்றன. கடைசியில் சாப்பாட்டு மேசையின் மேல் வைத்தேன். நாலு பேர் உட்காரும் மேசை என்று சொல்லித்தான் விற்றார்கள். ஓவன் ஏறியதும் ஒரு தட்டு வைக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இது என்னலே, குட்டி டிவி போல இருக்கு."

"இதுல மீன் சுடலாம்மா. எண்ணெய் அதிகம் வேண்டாம். அப்பாவுக்கு நல்லது."

"மீனு சுடுகதுக்குக் கரண்டு வேணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, மேலே தூசி விழாமல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினாள்.

அப்பா நெய்யாற்றின்கரைச் சந்தையில் சுமை தூக்கியவர். அரிசி, உரம், வாழைக்குலை என்று முப்பது வருடத்துக்கு மேல் அவர் தோளில் ஏறி இறங்காத பொருள் கிடையாது. போன ஓணத்துக்கு முன்பு ஒருநாள் சந்தையிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான் என்பதால், எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்தே பாதி ஆங்கிலத்தில் சொன்னார். சர்க்கரை இருக்கிறது, ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது, இரவில் சோறு குறைக்க வேண்டும், பொரித்தது கூடாது, குடி அறவே கூடாது. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மேலே சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. கோயிலில் போய்ச் சத்தியம் செய்யவில்லை, எங்களிடமும் எதுவும் சொல்லவில்லை. நிறுத்தினார், அவ்வளவுதான். நாங்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நல்லது நடந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதற்குக்கூட வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

எனக்கு மட்டும் ஏதாவது செய்தாக வேண்டும் என்றிருந்தது. நான் திருவனந்தபுரத்தில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பாறசாலையில் பாசஞ்சர் ரயில் ஏறினால் அங்கே போய்ச் சேரும்வரை கையில் போன்தான். அப்படி ஒருநாள் பார்த்தது அந்த வீடியோ. ஒரே தட்டில் மீனும் காய்கறியும், அரைமணி நேரத்தில் இரவுச் சாப்பாடு தயார். அதைச் செய்த பெண் கடைசியில் எலுமிச்சையை வட்ட வட்டமாக நறுக்கி மீனின் மேல் வரிசையாக அடுக்கினாள். பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகு என் கண்ணிலேயே நின்றுவிட்டது.

ஓவன் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிரங்குளத்துப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் மீன்காரரை நிறுத்தினேன். கடற்கரைக்காரர், மலையாளத்தில்தான் பேசுவார். நல்ல விளமீன் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"எந்தினா மோனே, கறிக்கோ, பொரிக்கோ?"

"ஓவன்ல வைக்க."

"கேக்கு உண்டாக்குந்ந ஓவனோ? பாவம் மீனு!" என்று சிரித்தார். செதிலை உரசிக்கொண்டே என் பையில் இருந்த எலுமிச்சையை எட்டிப் பார்த்தார். "நாரங்கயும் உண்டல்லோ. அப்போ வைகுந்நேரம் வீட்டில் பார்ட்டி, அல்லே?"

சாயங்காலப் பார்ட்டி என்றதற்கு நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னதில் பாதி எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அம்மாவை அடுக்களைக்குள் வர விடவில்லை. வாரம் முழுவதும் அண்டியாபீசில் முந்திரிக் கொட்டை உடைத்துக் கறுத்த விரல்கள். ஞாயிறு ஒருநாளாவது அவை சும்மா இருக்கட்டும் என்றேன். மீனின் இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறி, இஞ்சி, பூண்டு, நல்லமிளகு, மஞ்சள், உப்பு அரைத்துப் பூசி ஊற வைத்தேன். மத்தங்காய் என்று நாங்கள் சொல்லும் பூசணியும் கேரட்டும் வேகத் தாமதமாகும் என்பதால் அவற்றை மெல்லியதாக நறுக்கித் தட்டின் அடியில் பரப்பினேன். அதன் மேல் வெண்டைக்காய், குடைமிளகாய், தக்காளி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். மேலே மீன். ஓவன் சூடானதும் உள்ளே தள்ளிக் கதவை மூடினேன். கொஞ்ச நேரத்தில் தக்காளி உடைந்து, மீனிலிருந்து இறங்கிய சாறு காய்களில் ஊறி, வீடு முழுக்க மிளகு வாசம் வந்தது. அம்மா வாசலில் நின்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

"சோறு வடிக்கட்டுமாலே?"

"வேண்டாம்மா. ராத்திரி சோறு வேண்டாம்னுதானே டாக்டர் சொன்னாரு. இதுவே முழுச் சாப்பாடு."

"முழுச் சாப்பாடு" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விளக்கு வைத்த நேரம். அப்பா குளித்துவிட்டு, வராந்தாவில் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக உள்ளே மேசையில்தான் சாப்பிடுவார். மேசையில் இப்போது ஓவன் இருந்தது. ஆகவே ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். நல்ல பீங்கான் தட்டில் மீனை வைத்து, பக்கத்தில் காய்களைக் குவித்து, வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயத்தைச் சுற்றிலும் அடுக்கி, மீனின் முதுகில் எலுமிச்சைத் துண்டுகளை வரிசையாக வைத்தேன். குடிக்கக் கருங்காலி வெள்ளம். கருங்காலிக் கட்டை போட்டு அம்மா தினமும் கொதிக்க வைக்கும் குடிநீர்தான்; தேனை விடக் கொஞ்சம் சிவப்பாக இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் அந்த நிறம் தெரிவதில்லை. நான் அன்று விருந்தாளிகளுக்காக எடுத்து வைத்திருந்த கண்ணாடி கிளாசில் ஊற்றி வைத்தேன்.

"சாப்பிடுங்கப்பா" என்றேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு வந்தவன் போல நின்றேன்.

அப்பா தட்டைப் பார்த்தார். பிறகு கிளாசைப் பார்த்தார். கை முழங்காலின் மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறிடும்பா, சாப்பிட்டுட்டுப் போங்க."

"இப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். குடித்த காலத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் அவர் சொல்லிவிட்டுப் போனது அதைத்தான்.

"என்னலே செய்தே?"

"ஒண்ணும் செய்யல்லையே. பிடிக்கல்லையோ என்னமோ..."

"பாருலே. நீ வச்சிருக்கியத நீயே பாரு." அம்மா விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். "ஸ்டூலு. கண்ணாடி கிளாசு. மீனு, உள்ளி, நாரங்கா. சோறு எங்க?"

பார்த்தேன். எங்கள் ஊரில் டச்சிங்ஸ் என்பார்கள், குடிக்கும்போது தொட்டுக்கொள்ள வைக்கும் தட்டு. அதே ஸ்டூலில், அதே நாற்காலிக்கு முன்னால், அதே நேரத்தில், அதைத்தான் நான் வைத்திருந்தேன். கிளாசில் இருந்தது பிராந்தி இல்லை என்பதைக் குடித்துப் பார்த்தால்தான் தெரியும். படிக்கிற காலத்தில் அந்தத் தட்டு வராந்தாவுக்கு வந்ததும் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பார்க்கவே கூடாது என்று அவ்வளவு பாடுபட்டிருந்தேன். அதனால்தானோ என்னவோ, என் கையாலேயே அதைச் செய்து அடுக்கியபோதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீ போலே பின்னாலே" என்றாள் அம்மா. "நான் போனா ஊரு பாக்கும்." முன்பெல்லாம் டார்ச் எடுத்துக்கொண்டு அவள்தான் போவாள்.

அப்பா ஜங்ஷனில், பஸ் நிற்கும் கொட்டகையின் ஓரத்தில் தனியாக நின்றிருந்தார். நான் நேராகப் போய் அவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் திருவிழாவுக்கு வைத்த பெரிய ஃப்ளெக்ஸ் இருந்தது. அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஒரு ஆட்டோ வந்து அவர் முன்னால் நின்றது. சந்தையில் அப்பாவோடு சுமை எடுத்த கூட்டாளிகள் இரண்டு பேர். அந்தச் சாயங்கால ஆட்டோ எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும்.

"என்ன ஓய், ஆளையே காணல்ல! ஏறும். சட்டுனு போயிட்டு வரலாம்."

அப்பா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஏறப்போகிறார் என்று நினைத்தேன். அப்போதும் நான் அசையவில்லை. ஏறுகிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவருக்குச் சாப்பாடு கொடுக்க நினைத்தவன், இப்போது மறைந்து நின்று அவரைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லடே" என்றார் அப்பா. "வீட்டுல சாப்பாடு ஆயாச்சு."

"இந்த நேரத்திலயா? என்ன, ஆசுபத்திரிக் கஞ்சியா?"

"எம் பயலு வச்சான். மீனு."

"ஓகோ, பயலே வச்சானா! அப்ப நாங்க வாங்கிட்டு வாறோம், தொட்டுக்கிட கொஞ்சம் எடுத்து வையும்."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"அது சோத்துக்கு உள்ள மீனாக்கும்" என்றார் அப்பா. "நீ போடே."

ஆட்டோ போனது. அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அலறியது. அம்மா. என் போன் சத்தம் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதை நிறுத்துவதற்குள் அவர் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். கீழே என் கால்கள் தெரிந்திருக்க வேண்டும்.

"எடுத்துப் பேசுலே" என்றார், ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே. "அம்மையா இருக்கும். ஆளு கிட்டியாச்சுன்னு சொல்லு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அம்மா டார்ச்சோடு அலைந்த நாட்களில் யாராவது கடைக்காரர் சொல்லி அனுப்பும் வார்த்தை அது. நான் போனில், "வாறோம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். பாதி வழியில், திரும்பாமலே பேசினார்.

"மீனு வாசம் கொள்ளாம், நல்லா இருந்து."

"ம்."

"அந்த கிளாசு மட்டும் வேண்டாம், கேட்டியா."

"செரிப்பா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கென்று கேட்பது? தட்டுக்காகக் கேட்டால், ஃப்ளெக்ஸின் பின்னால் நின்றதற்குக் கேட்காமல் விட்டதுபோல் ஆகும். அதற்குக் கேட்டால், அவர் ஏறிவிடுவார் என்று நான் நினைத்ததை வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் கேட்கவில்லை. வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நான் நின்றுவிட்டேன். அவர் தனியாக, தன் காலால் நடந்து வருவதை அம்மா பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவர் ஒருதடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் வீட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்தேன். ஸ்டூல் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா அடுக்களைத் தரையில் பாய் விரித்து, மத்தியானத்துச் சோற்றைச் சூடாக்கி, எவர்சில்வர் தட்டில் ஒரு சின்னக் கரண்டி மட்டும் போட்டிருந்தாள். அதைச் சுற்றி என் மத்தங்காய், வெண்டைக்காய், முள் எடுத்த மீன். பக்கத்தில் பழைய டம்ளரில் வெள்ளம். அப்பா மீனைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மத்தங்கா நல்லா வெந்திருக்கு" என்றார் அம்மாவிடம்.

"இருந்து தின்னுலே" என்று அம்மா என் தட்டை நீட்டினாள். கொஞ்சம் சோறு, மீனின் வால்பக்கம். அதன் ஓரத்தில் நான் நறுக்கிய எலுமிச்சைத் துண்டுகள் அத்தனையும் குவிந்திருந்தன.

"இது எதுக்கும்மா?"

"நீ ஆசையா வாங்கினதுதானே. தின்னு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தோலோடு தின்றேன். பல் கூசியது, கண்ணில் நீர் முட்டியது. அப்பாவின் தட்டு எப்போதோ காலியாகி, விரல்களில் சோறு காய்ந்திருந்தது. நான் கடைசித் துண்டைத் தின்று முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.