வலப்பக்கம் மட்டும் குழிகள்

இருபத்திரண்டு குளிர்காலங்களாகக் கூர்தின் பனியளந்து வருகிறார். காலை ஏழு மணிக்கு மேட்டில் நட்ட அளவுகோலைப் பார்ப்பார். ஐயம் எழுந்தால் தரை தெரியும்வரை குழி வெட்டி, அடுக்கடுக்காய்க் கிடக்கும் பனியை விரலால் அழுத்திக் கணிப்பார். பின்னர் யாஹெனின் ரொட்டிக்கடை வாசலில் தொங்கும் கரும்பலகையில், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அன்றைய அபாயத்தின் எண்ணை எழுதுவார். அதைப் பார்த்த பிறகே பள்ளத்தாக்கில் எவரும் மலையேறுவர்.

அந்தப் பெப்ரவரிக் காலையில் அவர் எழுதிய எண் மூன்று. இரவுக் காற்று வடசரிவில் புதுப்பனியைப் பலகைபோல் இறுக்கியிருந்தது. அதனடியில் டிசம்பர்ப் பனி சர்க்கரைபோல் உதிர்ந்து, பிடிப்பின்றிக் கிடந்தது. ‘வடசரிவில் இறங்க வேண்டாம்’ என்று எண்ணின் கீழ் எழுதினார்.

சுண்ணக்கட்டியின் தூள் விரலைவிட்டு அகலுமுன் அவரே அங்கு ஏறினார். வானம் துடைத்துவிட்டாற்போலிருந்தது. சரிவில் ஒரு கீறலும் இல்லை. ஐம்பத்துநான்கு வயதில் இன்னும் எத்தனை குளிர்காலம் என்ற ஆசை அறிவின் வாயை அடைத்தது. சறுக்குக்கட்டைகளைப் பூட்டி, ஓரமாக இறங்கினார். ஒன்றும் நேரவில்லை. அதுதான் கேடாயிற்று.

இடத்தோள் முன்பு முறிந்தவர் ஆதலின், வலக்கைக் கோலை மட்டுமே ஊன்றுவார். நெருங்கிய வளைவுகள், வலப்பக்கம் மட்டும் குழிகள்: அது அவர் தடம் என்று ஊரறியும். பத்து மணிக்கு அங்கு வந்த பள்ளி ஆசிரியை லடீனாவும் அறிந்தாள். பலகையைப் படித்திருந்தும், கூர்தினே இறங்கிய சரிவுதானே என்று துணிந்தாள். நடுச்சரிவில் அவள் கால் பட்டதும் பலகைப்பனி பிளந்து அவளை வாரிச் சென்றது. உடன்வந்த கீழூர்த் தோழி லடீனா உடலில் கட்டியிருந்த தேடல் கருவியின் ஒலியைத் தொடர்ந்து தோண்டி உயிரோடு மீட்டாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மீட்புக்குழுவோடு கூர்தினும் ஓடினார். பனிவண்டியில் கட்டப்பட்டுக் கிடந்த லடீனா அவர் கையைப் பற்றினாள்.

“உங்க தடத்தப் பாத்துதாண்ணே இறங்குனேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

கூர்தின் பனி பிளந்த விளிம்பின் தடிப்பை அளக்கிறேன் என்று தனியே மேலேறி, எஞ்சியிருந்த தடத்தின் குழிகளை ஒவ்வொன்றாகக் காலணியால் மூடினார். பதினைந்து குழிகள். பதினைந்து முறையும் தம் நிழலைப் பார்க்க அஞ்சினார்.

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் கூட்டம்.

“ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் குடுக்குறா. பலகையில இருக்குறத மட்டும் படிக்கத் தெரியல,” என்றார் பால்காரர்.

“ஆஸ்பத்திரியில அவளே சொன்னாளாம், பலகையப் பாக்கலன்னு.”

“கூர்தின் இன்னும் எவ்ளோ பெருசாதான் எழுதணுமோ?”

எல்லாரும் சிரித்தார்கள். சிலர் பரிவோடு அவர் தோளைத் தட்டினார்கள். தட்டிய ஒவ்வொரு கையும் சூடு போட்டது. தம் பொய்யை ஒரு பெண் முறிந்த இடுப்போடு சுமந்து கிடக்க, இங்கே தமக்குப் பாராட்டு.

வாசலுக்குச் சென்று சுண்ணக்கட்டியை எடுத்தார். அன்றைக்கும் எழுதியிருந்த மூன்று என்ற எண்ணின் கீழ், பலகையின் மூலையில், சின்னஞ்சிறு எழுத்தில் எழுதினார்: ‘லடீனா பலகையைப் படித்தாள். வடசரிவில் முதலில் இறங்கியவன் நான். கூர்தின்.’

மீட்புக்குழுவின் தலைவருமான யாஹென் மாவுக் கையோடு வெளியே வந்து நின்றார். நெடுநேரம் படித்தார்.

“குழியத்தான் மூடுன. வளைவெல்லாம் அப்படியேதான இருந்துச்சு. நான் நேத்தே பாத்துட்டேன்.”

“ஏன் கேக்கல?”

“நீயா சொல்றியான்னு பாத்தேன்.” யாஹென் பலகையை நோக்கி முகவாயை அசைத்தார். “இது உள்ள இருக்குறவங்க கண்ணுக்குத் தெரியாது. பெருசா எழுதுய்யா.”

கூர்தின் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.