கட்டிலில் இடமில்லை

எங்கள் சலவைக்கடைக்கு வருகிறவர்கள் அவளைச் சீட்டு அக்கா என்பார்கள். வருகிற துணியை உதறி, பொத்தான் எல்லாம் இருக்கிறதா, சட்டைப் பையில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் பெயர் எழுதிய துணிச்சீட்டைக் குத்துவது அவள் வேலை. அவளுக்குப் பின்னால் நின்று இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவது என் வேலை. வருஷக்கணக்காக நின்றே கிடந்ததில் எனக்கு முதுகு போனது, அவளுக்கு இடுப்பு போனது.

இடுப்பைக் காட்டப் போனபோது துணைக்கு நானும் போனேன். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "தரையில படுக்காதீங்கம்மா. இனிமே கட்டில்லதான் படுக்கணும். இல்லேன்னா இன்னும் கொஞ்ச நாள்ல நிக்கவே முடியாது" என்றார். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள். வெளியே வந்ததும், "ஏன்க்கா, வீட்டுல கட்டில் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குடி. அதுல இடம்தான் இல்ல."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு கூடம், ஒரு உள்ளறை, அவ்வளவுதான் வீடு. உள்ளறைக் கதவு பாதிதான் திறந்தது. உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்தால் கட்டில் இருந்தது. அதன் மேல் மகன் பெரியவன் படித்த காலத்துப் புத்தகங்கள், அவனுடைய ஓடாத கம்ப்யூட்டர், மகள் சின்னவள் கல்யாணத்துக்கு வந்து இன்னும் பிரிக்காத பரிசுப் பெட்டிகள், நாத்தனாரின் தையல் மெஷினும் கம்பளி மூட்டைகளும். கூடத்தில் தம்பியின் உடற்பயிற்சி சைக்கிள். அவன் அதை மிதித்ததே இல்லை. அக்கா அதில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாமே 'ஒரு வாரத்துக்கு மட்டும்' என்று வந்தவைதான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, வீட்டுக்காரி கூடத்தில் சைக்கிளுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்தாள். காலை நீட்டினால் மிதியில் இடிக்கும். முடக்கியே படுத்துப் படுத்து அவள் உடம்பே ஒரு மூட்டையாகிவிட்டது.

"மாமாவோட சாமான் எது?" என்று கேட்டேன். அவள் கணவர் இறந்து சில வருஷமாகிறது.

"அவர் சாமான் எதுவும் இல்ல. கைக்கடிகாரத்தைத் தம்பி கேட்டான். நல்ல சட்டையெல்லாம் பெரியவன் எடுத்துக்கிட்டான். ரேடியோ நாத்தனாருக்கு."

போனவர் பொருள் ஒரே வாரத்தில் போய்விட்டது. இருக்கிறவர்கள் பொருள்தான் போகமாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்திருக்கிறது! எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். முதுகு விடவில்லை.

ஒரேயடியாக முடிகிற வேலையில்லை என்பதால், தினமும் வேலை விட்டுப் போனதும் அக்கா ஒரு சின்ன வேலை மட்டும் செய்வது என்று பேசிக்கொண்டோம். ஒரு நாள் ஒரு பெட்டி, மறுநாள் ஒரு மூட்டை, அதற்கு மறுநாள் அலமாரியில் ஒரு தட்டு. காலையில் கடைக்கு வந்ததும் அக்கா கணக்காகச் சொல்லிவிடுவாள். "நேத்து கம்பளி முடிஞ்சுது." "நேத்து புஸ்தகம் முடிஞ்சுது." அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு ஏறிக்கொண்டே போனது. கவுன்ட்டரில் பேனாவைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தாள். போகட்டும், கட்டில் காலியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஒரு நாள், "எல்லாம் முடிஞ்சுதுடி" என்றாள். ஆசையாகப் பார்க்கப் போனேன். பழைய குருடி கதவைத் திறடி! கம்பளியெல்லாம் துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மூலையில் சீட்டுக் குத்தியிருந்தாள். புத்தகங்களைத் துடைத்து, கட்டுக்கட்டாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் 'பெரியவன்' என்று சீட்டு. தையல் மெஷினுக்கு உறை தைத்து அதற்கும் ஒரு சீட்டு. எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே, நம் கடை அடுக்கில் வைப்பது போல, கட்டில் மேல் அழகாக அடுக்கியிருந்தாள். உறை போட்டதில் குவியல் முன்பைவிட ஒரு முழம் உயர்ந்திருந்தது.

"அக்கா, இது வீடா, நம்ம கடையா?"

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. கட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கைப்பழக்கம்டி. துணி வந்தா துவைக்கணும், சீட்டுக் குத்தணும், அடுக்கணும். தூக்கிப் போடுற வேலையை நான் எங்க பண்ணியிருக்கேன்?" என்றவள், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை சீட்டு எழுதினேன். என் பேர்ல ஒண்ணுகூட எழுத வரல. எனக்கு அலுத்துப் போச்சுடி."

அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "கடையில அடுக்கினதுக்கு அப்புறம் என்ன பண்ணுவோம்?" என்று கேட்டேன்.

"வண்டியில ஏத்தி அவங்கவங்க வீட்டுக்கு அனுப்புவோம்."

"அப்புறம் என்ன? சீட்டுத்தான் குத்தியாச்சே."

அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "சாமான் இங்க இருக்குன்னாவது எப்பவாவது எட்டிப் பார்க்கிறாங்க. அதுவும் போயிட்டா யாரு வருவா?"

இந்தப் பயத்தின் மேல்தான் அவள் இத்தனை வருஷமாக மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "வர்றாங்களா இல்லையான்னு பார்த்துடலாம். முதல்ல நீ நிக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

கடை வண்டிக்காரர் நல்ல மனிதர். துணி கொடுக்கப் போகிற வழியில் தினம் ஒரு மூட்டையை ஏற்றிக்கொண்டார். அதன் பிறகு அக்காவின் போனுக்கு ஓய்வே இல்லை.

"அண்ணி, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? தையல் மெஷினை எங்க வீட்டுல எங்க வைக்கிறது?" என்று நாத்தனார் சீறினாள்.

"எனக்கும் அதேதாம்மா தெரியல" என்றாள் அக்கா. கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள்.

பெரியவன் கெஞ்சினான். "அம்மா, இங்க இவ சத்தம் போடுறா. கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டுமே." அன்று அக்காவின் முகம் இளகிவிட்டது. வண்டிக்காரரைத் திருப்பிக் கூப்பிடப் போனாள். நான் போனைப் பிடுங்கி இஸ்திரி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சின்னவளோ, "உனக்கு நாங்க வேண்டாதவங்களா ஆயிட்டோமா?" என்று அழுதாள். அன்று மதியம் அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, பார்த்து, மூடி வைத்துவிட்டாள்.

கடைசியாகச் சனிக்கிழமை சைக்கிள் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானே இஸ்திரி போட்ட விரிப்போடு அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளறைக் கதவு முழுசாகத் திறந்தது. இருவருமாக விரிப்பைப் போட்டோம். அக்கா படுத்தாள். முதலில் பழக்கதோஷத்தில் காலை முடக்கிக்கொண்டாள். பிறகு இடிக்க எதுவும் இல்லை என்று நினைவு வந்து மெதுவாக நீட்டினாள். அவள் இவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தம்பி. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ரகம். முந்தின நாள் போன சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். துணைக்குக் கையிடுக்கில் ஒரு அட்டைப்பெட்டி வேறு. வழக்கம்போல யாரையும் கேட்காமல் நேரே உள்ளறைக்கு வந்தான்.

"ஒரே ஒரு வாரம்க்கா. வீட்டுல பெயின்ட் அடிக்கப் போறோம்."

"இடமில்லடா."

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான்.

"அதான் கட்டில் காலியா இருக்கே" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினாள். எழுந்திருக்கவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நல்லா பாருடா. நான் படுத்திருக்கேன்."

அவன் முகம் செத்துவிட்டது. சைக்கிளைக் கீழே வைக்கவும் தெரியாமல், தூக்கிக்கொண்டு போகவும் தெரியாமல் நின்றான். "இல்லக்கா... நான் அப்படிச் சொல்லல..." என்று இழுத்தான்.

"தெரியும்" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. வெறுங்கையோட வா."

அவன் சைக்கிளைத் தோளில் சரிசெய்துகொண்டு, கதவில் இடிக்காமல் பார்த்துப் பார்த்து வெளியே போனான். சாயங்காலம் நான் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லலாம் என்று திரும்பினேன். அக்கா வாயைத் திறந்தபடி, கட்டில் முழுக்கக் கையையும் காலையும் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.