எங்களுக்கில்லாத வண்டி

நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து உதவிச் சங்கம் ஆரம்பித்தபோது எனக்கு இருபத்தேழு வயது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வரை படித்திருந்ததால் தீர்மான நோட்டு என்னிடம் இருந்தது. கூட்டத்தில் பேச வராதவனுக்கு எழுதுகிற வேலை வசதியாகவும் இருந்தது.

எங்களுக்கு முன்னால், ஒரு புயலுக்குப் பிறகு, ஊருக்குப் பால் பவுடர் கொடுக்கக் கிளம்பியவர்களின் பரணிலேயே பாதி டின்கள் இருந்தன. ஊர் அதை மறக்கவில்லை. ஆகையால் முதல் கூட்டத்திலேயே ஒரு விதி போட்டோம்: சங்கத்தின் எந்த உதவியும் உறுப்பினருக்கோ அவர் வீட்டாருக்கோ கிடையாது. ஒன்பது கைகளும் உயர்ந்தன. ஒவ்வொரு ஞாயிறும் அதை நான் வாசித்த பிறகுதான் கூட்டம் தொடங்கும். நான் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

சங்கத்தின் சொத்து ஒரு தள்ளுவண்டி. பழைய ஜீப் சக்கரங்களின் மேல் கயிற்றுக் கட்டிலைப் பொருத்தியிருந்தோம். நோயாளியைப் படுக்கவைத்து, மணலைத் தாண்டி, செங்கல்பட்டு பஸ் வரும் ரோடு வரை தள்ளிக்கொண்டு போவோம். சங்கத் தலைவர் பாயின் டீக்கடை ஓரத்தில் அது நிற்கும்.

என் மனைவிக்கு வலி எடுத்த மறுநாள் காலை, குழந்தை குறுக்கே கிடக்கிறது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். டீக்கடைக்கு ஓடினேன். அங்கே ஒரு மீன் வியாபாரி பாயைச் சீண்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா பாய், வண்டி சும்மாத்தானே நிக்குது. உங்க வூட்டுக்கு வெறகு ஏத்திக்கினு போறது."

"வெறகு ஏத்த மாட்டோம். உன் வாய்க்கு வைத்தியம் பாக்கணும்னா சொல்லு, ஏத்திக்கினு போறோம்," என்றார் பாய். கடையே சிரித்தது.

"பாக்கத்தானே போறோம். நாளிக்கி உங்காளுங்க வூட்ல தலவலின்னா வண்டி தன்னால போவும்."

பாய் என் பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

"ஒண்ணுமில்ல பாய்," என்றேன்.

வண்டி கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. நான் தோப்புக்கு ஓடி மேஸ்திரியிடம் மாட்டுவண்டி கேட்டேன். ஏற்றியிருந்த சவுக்குக் கட்டைகளை இறக்கவே வெகுநேரம் ஆயிற்று. இரும்புப் பட்டை போட்ட சக்கரம் மணலில் புதைந்து புதைந்து நகர்ந்தது. ரோட்டுக்கு வந்தபோது பஸ் போய்விட்டது. மாட்டுவண்டியிலேயே போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி விட்டுப்போயிற்று. குழந்தையும் இல்லை.

காரியம் முடிந்து பாய் வீட்டுக்கு வந்தார். "கடைக்கு வந்து நின்னியே தம்பி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தள்ளிக்கினு வந்திருப்பேனே."

"ரூல் கீதே பாய்."

"ரூலு நாம போட்டதுதானே."

 

அடுத்த ஞாயிறு அந்த விதியை எடுத்துவிடலாம் என்றார் பாய். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். நோட்டில் அந்த வரியை அடித்ததும் நான்தான்.

சில மாதம் கழித்து பாயின் தங்கைக்கு அதேபோல் வலி. வண்டியைத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். மீன் வியாபாரி துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கூடவே தள்ளினான். ரப்பர் சக்கரம் மணலில் இலேசாக ஓடியது. பஸ் இன்னும் வரவில்லை. ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். டீக்கடைக் கூரை நன்றாகத் தெரிந்தது. அவ்வளவு பக்கம்.