போண்டா செய்த நமஸ்காரம்

போண்டா சாப்பிட்டு வயிறு கெட்டவர்களை உங்களுக்குத் தெரியும். போண்டாவுக்கே வயிறு கெட்ட கதை இது.

போண்டா எங்கள் வீட்டு நாய்க்குட்டி. உருண்டையாக, பதமாகப் பொரித்த நிறத்தில் இருந்ததால் என் மனைவி சரோஜா வைத்த பெயர். இன்னும் பால் பல்கூட விழாத வயது. போன வாரம் நான் அதைக் கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை... ஆனால் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை.

வயதானால் நிதானம் வரும் என்று சென்ற வாரம் இதே இடத்தில் எழுதியிருந்தேன். தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

சரோஜா கோயிலிலிருந்து இட்லிப் பிரசாதம் கொண்டுவந்தாள். எங்கள் ஊர்க் கோயில் இட்லி தெரியுமல்லவா? மிளகு, சுக்கு, சீரகம், நெய் எல்லாம் போட்டு, இலையில் வேகவைத்து, மணக்க மணக்க இருக்கும். போண்டா காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. மனசு கேட்காமல் ஒரு விள்ளல் கிள்ளிப் போட்டாள். அன்று சாயங்காலம் வாந்தி.

நான் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இட்லிதான்! மிளகும் நெய்யும் நாய்க்குட்டியின் குடலுக்கு ஆகுமா? கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். செரிமான மண்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். சரோஜாவின் முகம் சுருங்கிப்போனது.

அடுத்து வைத்தியம். லங்கணம் பரம ஔஷதம் — பட்டினியை விடப் பெரிய மருந்து உண்டா? போண்டாவைப் பட்டினி போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே குழப்பம். வாந்தி எடுக்கும், எடுத்த கையோடு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். தண்ணீர் குடிக்கும், அதையும் கக்கும். பேதி போனது. பிறகு பேதி நின்றது. நின்றுவிட்டதே, சரியாகிவிட்டது என்று சரோஜாவிடம் பெருமையாகச் சொன்னேன். முக்கிக்கொண்டு உட்கார்ந்தது; ஒன்றும் வரவில்லை. அதனாலென்ன, வயிறு காலி என்று நினைத்துக்கொண்டேன்.

கொல்லையில் போய்ப் புல்லைக் கடித்தது. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மதில் மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே தறி போட்டு நெய்பவர்.

"நாய் புல்லு துன்னா மழ வரும் சார்" என்றார். "ஒண்ணும் பயப்படாதீங்க. வானத்தப் பாருங்க."

பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் தூறலும் போட்டது! இனி நான் யாரை நம்புவது?

மறுநாள்தான் நமஸ்காரம். பூஜை அலமாரிக்கு நேர் எதிரே, முன்னங்கால் இரண்டையும் நீட்டி, மார்பைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை உயர்த்தி, அசையாமல் நின்றது.

"இங்க பாருங்க, பெருமாள சேவிக்குது" என்று சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாந்தி ஆரம்பித்த நாள் முதல் அவள் சிரித்தது அப்போதுதான். நான் போனில் வீடியோ எடுத்துப் பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். அங்கிருந்து வரிசையாக இதயங்கள் வந்தன. போண்டா மறுபடியும் சேவித்தது. மறுபடியும்... எங்கள் வீட்டில் அவ்வளவு பக்தி யாருக்கும் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரோஜா இட்லி கொடுத்த அதே நாள் காலையில் நானும் போண்டாவுக்கு ஒன்று கொடுத்திருந்தேன். ஏகாம்பரத்திடம் ஒரு கைப்பிடி கழிவுப் பட்டு நூல் கேட்டு வாங்கி, முடிச்சுப் போட்டு உருட்டி, ஒரு பந்து. கடையில் விற்கிற பிளாஸ்டிக் பொம்மையெல்லாம் கெடுதல், பட்டு இயற்கையானது என்று சரோஜாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன். அன்று மாலை பார்த்தபோது பந்து பாதிதான் இருந்தது. பார்த்தேன் — அதை மறுக்க மாட்டேன். பிரிந்து எங்கேயாவது பறந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இட்லிக்கு அத்தனை ஆராய்ச்சி செய்தவன், பந்துக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நமஸ்காரத்துக்கு மறுநாள் காலை. கொல்லையில் போண்டா முக்கிக்கொண்டிருந்தது. வாலுக்குக் கீழே ஒரு நூல் முனை தொங்கியது. அரக்கு நிறம்.

தெருவுக்குத் தெரு தறி ஓடும் எங்கள் ஊரில் நூல் முனையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? கல்யாண மண்டபத்தில் முன்னால் நிற்கிறவர் முதுகில் ஒரு பிசிர் தொங்கினால் போதும். அவர் யார் எவர் என்று பார்ப்பதற்கு முன்னால் இழுத்து எடுத்திருப்போம். நானும் இழுத்தேன்.

ஒரு சாண் வந்தது. பிறகு எதிலோ மாட்டியது போல நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். போண்டா கத்தியது. அது குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. குழந்தை கத்துவது போல் இருந்தது.

என்ன ஆச்சு என்று அடுக்களையிலிருந்து சரோஜா கேட்டாள். கால்ல முள்ளு என்றேன். பட்டு நூல் அறுந்து தொலையுமா? நகவெட்டியால் நறுக்கி, கையில் வந்ததைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை? இதைத்தான் இந்த வாரம் முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இட்லி என்று தீர்ப்பு எழுதியவன் நான். அந்தத் தீர்ப்பைத் தலையில் சுமந்துகொண்டு அவள் சாப்பிடாமல் கிடக்கிறாள். இப்போது போய், இட்லி இல்லை, என் பந்து என்று எப்படிச் சொல்வது? இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் புரியவில்லை.

மதியத்துக்குள் போண்டா தலையைத் தூக்கவில்லை. ஈறு வெளுத்துப்போயிருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கினால் கூடாரம் போல அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றினால் இப்படி ஆகும் என்று வகுப்பில் நடத்தியிருக்கிறேன். சரோஜா என்னைக் கேட்கவில்லை. அவளே தெருமுனைக்குப் போய் ஆட்டோவைக் கூட்டிவந்தாள்.

வழியில் சுவாமி புறப்பாடு. ஆட்டோ நின்றது. போண்டாவை மடியில் வைத்துக்கொண்டே சரோஜா குடை வந்த திசையில் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான்தான் கெடுத்தேன். இனிமே அதுக்கு ஒரு பருக்க குடுக்க மாட்டேன்" என்று முணுமுணுத்தாள். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? அது இட்லியாகவே இருக்கட்டும் என்று.

ஏனாத்தூர் போகிற சாலையில் அந்தக் கிளினிக். டாக்டர் சின்ன வயதுப் பெண். தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதலில் கேட்டார். போட்டாயிற்று. என்ன கொடுத்தீர்கள் என்றார். சரோஜா முந்திக்கொண்டு இட்லிக் கதையை அழுதபடி சொன்னாள்.

"ஒரு வாய் இட்லிக்கு இவ்ளோ ஆகாதும்மா" என்று டாக்டர் வயிற்றைத் தடவினார். போண்டா முனகியது. "வேற ஏதாச்சும் முழுங்கிச்சா? துணி, கயிறு, பொம்ம..."

"இல்லம்மா. நான் பாத்துக்கினேதான இருக்கேன்" என்றாள் சரோஜா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே நாயின் செரிமான மண்டலம், வண்ணப் படமாக மாட்டியிருந்தது.

வாந்தி நிற்க ஊசி போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார். சாயங்காலம் வரை! பையில் இருந்த நூல் கனத்தது. வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"டாக்டர்... இது பின்னாலருந்து வந்துச்சு. நான் இழுத்தேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போண்டாவின் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி அடியில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு சரோஜாவின் புடவைக் கொசுவத்தைக் காட்டி விளக்கினார். நூலின் ஒரு முனை வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டது. மிச்ச நூல் குடலுக்குள் இறங்க, குடல் அதன் மேல் ஏறி ஏறி இந்தக் கொசுவம் மாதிரி மடிந்துவிட்டது. கீழிருந்து இழுத்தால் நூல் கத்தியாகிவிடும்.

"இன்னொரு தடவ இழுத்திருந்தீங்கன்னா இங்க தூக்கினு வந்திருக்க வேணாம் சார்" என்றார்.

வீடியோவையும் காட்டினேன். ஒரே பார்வையில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வயிறு வலிக்கிற நாய் இப்படித்தான் குனிந்து நிற்குமாம். பக்தி இல்லை. வலி. நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ... இட்லி இல்லியா?"

இல்லை என்றேன். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே வயிற்றைத் திறந்தார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். போண்டா பிழைத்துவிட்டது. பிழைக்காமல் போயிருந்தால் இந்தப் பத்தியை எழுதும் தைரியம் எனக்கு இருந்திருக்குமா? சந்தேகம்தான்.

வீட்டில் குட்டி வளர்ப்பவர்களுக்காக, டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கக்கிவிட்டு, பழையபடி ஓடி விளையாடி, சாப்பிட்டால் கவனித்துக்கொண்டிருக்கலாம். திரும்பத் திரும்பக் கக்கினால், தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், ஈறு வெளுத்தால், துவண்டு படுத்தால் — காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி என்றால் இன்னும் அவசரம். முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் அது குணம் இல்லை, அடைப்பாக இருக்கலாம். குட்டிகளுக்கு நம்மைப் போல லங்கணம் தாங்காது. வாயிலோ பின்னாலோ நூல் தெரிந்தால் தொடவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அப்படியானால் எல்லாம் தெளிவாகிவிட்டதா? இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு போண்டா ஒருநாள் தூங்கி எழுந்து முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோவுக்கு ஓடினேன். திரும்பி வந்தால் அது வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. எது சோம்பல், எது வலி, எது பக்தி? நாய் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் டாக்டர் கேட்டபோது அதற்காகப் பேச வேண்டிய வாய் என்னுடையது. அந்த வாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போண்டாவை வீட்டுக்குக் கூட்டிவரும் நாள் வரை சரோஜா என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது. காபி வந்தது. பேச்சு வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோதெல்லாம் மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

கூட்டிவரும் நாளில் டாக்டர் போண்டாவின் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் காலரை மாட்டினார். தையல் பிரிக்கும் வரை கழற்றக் கூடாது. இல்லாவிட்டால் நூலைப் பிடித்து இழுத்துவிடும் என்றார்.

சரோஜா காலரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா டாக்டர்... இதுல இவரு சைஸு ஒண்ணு கிடைக்குமா?"