பிஸ்கட் டின்னில் இருந்த மஞ்சள் பொடி

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகலில், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மண்டபத்தில், ஒரு பெண்ணின் உதடுகள் நீலம் பாரிப்பதை நான் பார்த்தேன். அதைப் பசி மயக்கம் என்று சொல்லி முடித்துவிட முயன்றவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்னையும் சேரும். அதை மறைத்து எழுதுவதானால் இதை எழுதாமலே இருந்திருப்பேன்.

கிள்ளானில் இயங்கிவந்த ஒரு சாயத் தொழிற்சாலையில் வேதியியலாளராகச் சேர்ந்து, ஆய்வுக்கூடத் தலைவனாக ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. அங்கே சாயங்களுக்கு மூலப்பொருளாகப் பயன்பட்டவற்றுள் ஒன்று பாரா நைட்ரோ அனிலின். பார்வைக்கு அரைத்த மஞ்சளைப் போலவே இருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி கிடையாது, தொட்டால் எரியாது. அதன் ஆபத்தே அதுதான். தோல் வழியாக உடலுக்குள் இறங்கி, இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க, மனிதர் மூச்சு முட்டிச் சாகலாம். கையுறை, முகக்கவசம், தனி உடுப்பு இல்லாமல் எவரும் அதன் அருகே செல்லக் கூடாது. உணவு வைக்கும் எந்தக் கலத்திலும் அதை வைக்கக் கூடாது. இந்த விதிகளை மூன்று மொழிகளில் எழுதிச் சுவரில் மாட்டியவன் நான்.

எங்கள் குடியிருப்பில் ஆண்டுதோறும் சாயம் ஏற்றிய பச்சரிசியால் பெரிய கோலம் போடுவார்கள். இந்நாட்டில் பேரங்காடிகளிலும் மண்டபங்களிலும் அது இல்லாமல் தீபாவளி இல்லை. உணவுக்குப் போடும் வண்ணத்தை நீரில் கரைத்து, அரிசியில் விரவிக் காயவைப்பதே வழக்கம். குடியிருப்போர் சங்கத்தின் ஆலோசகர் என்ற முறையில் கோலத்தைப் பார்வையிட நான் நான்கு மணியளவில் இறங்கி வந்தேன். மண்டபத்தின் மூலையில் நாளிதழ் விரித்து, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் அரிசியைப் பரப்பியிருந்தார்கள். அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், சேலைக்கடையில் வேலை பார்க்கும் மூன்றாம் மாடிப் பெண். முழங்கை வரை மஞ்சள்.

"ஒன்னும் இல்ல அங்கிள். காலையிலேர்ந்து விரதம். கொஞ்சம் தலை சுத்துது, அவ்ளோதான்" என்றாள்.

"பால் இல்லாம டீ ஓ கலக்கிக் குடுத்தேன், சீனி தூக்கலாப் போட்டு. இப்ப சரியாயிடும்" என்றார், அவளோடு கோல வேலை செய்த பக்கத்து வீட்டு அக்கா.

அவள் நகங்களைப் பார்த்தேன். சாம்பலும் நீலமும் கலந்த அந்த நிறத்தைத் தொழிற்சாலையில் இருமுறை பார்த்திருக்கிறேன்.

"இந்த மஞ்சள் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

சங்கச் செயலாளர் முன்னே வந்தார். அவர் என் தொழிற்சாலையிலேயே ஸ்டோர் கீப்பராக இருந்தவர். "என் வீட்டுல கிடந்தது சார். மஞ்சக் கலர் பத்தலன்னாங்க. நம்ம பழைய கம்பெனி சரக்குதான். நயம் சாமான்."

"எதில் கரைத்தீர்கள்?"

"தண்ணியில கரைய மாட்டேன்னுச்சு. ஸ்பிரிட் ஊத்துனோம். சீக்கிரம் காயும் லா."

மேசையில் ஒரு சதுரப் பிஸ்கட் டின் இருந்தது. மூடியைத் திறந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீரில் எளிதில் கரையாத பாரா நைட்ரோ அனிலின் ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். தோலுக்குள் இன்னும் விரைவாக இறங்கும். அவள் இரண்டு மணி நேரமாக வெறுங்கையால் பிசைந்திருக்கிறாள். மடியில் வைத்துப் பிசைந்ததில் உடுப்பும் நனைந்திருந்தது.

அங்கிருந்த பெண்களிடம், அவளை மண்டபத்துக் குளியலறைக்கு அழைத்துப் போய், உடுப்பை முழுவதும் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு செய்யும்படியும் சொன்னேன். அக்கா நீர் காய்ச்சும் கெத்திலை எடுக்க ஓடினார். "சுடுதண்ணி வைக்கிறேன்."

"சுடுதண்ணீர் கூடாது. தோல் இன்னும் உறிஞ்சும். குழாய்த் தண்ணீர் போதும்."

அப்போதும் அவளை எழுப்பி அழைத்துப் போக ஒருவரும் முன்வரவில்லை. "சார், பொம்பளப் புள்ள. வெளியில இவ்ளோ ஆம்பளைங்க இருக்கோம். வீட்டுக்குப் போய்க் குளிச்சுக்கட்டுமே" என்றார் செயலாளர்.

"வெட்கத்தோடு சாகட்டும் என்கிறீர்களா?" என்றேன்.

பெண்கள் இருக்கும் இடத்தில் நான் குரல் உயர்த்திப் பேசியவனல்லன். ஆனால் அதைச் சொன்ன பிறகே அவர்களுடைய கால்கள் நகர்ந்தன.

அவளைக் கழுவி மாற்றுடுப்பு உடுத்தியதும் மருத்துவமனைக்குச் செயலாளரின் காரில் போனோம். பின்னிருக்கையில் அக்காவின் தோளில் அவள் சாய்ந்திருந்தாள். ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் தீபாவளி நெரிசல், கார் ஊர்ந்தது. செயலாளர் என் பக்கம் குனிந்தார். "சார், டாக்டர்கிட்ட ஃபுட் பாய்சனிங்னு சொல்லிடுவோம். எதுக்கு வம்பு."

"விரதம் இருக்கிறவள் எதைச் சாப்பிட்டாள்?"

"டீ குடிச்சால்ல."

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏண்ணே, நான் போட்ட டீயிலயா விஷம்? கை முழுக்க உங்க சாமான்தான் ஒட்டியிருந்துச்சு."

அவசரப் பிரிவில் இளம் தமிழ் மருத்துவர் ஒருவர் இருந்தார். "ஆக்சிஜன் வச்சும் ரீடிங் ஏற மாட்டேங்குது அங்கிள். ஆஸ்துமா இருக்கா? இன்னிக்கு என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். செயலாளர் வாய் திறக்குமுன் நான் பொருளின் பெயரைச் சொன்னேன், எழுத்தெழுத்தாகவும் சொன்னேன். எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. அவளுக்கு ஊசி வழியே மெதிலீன் நீலம் செலுத்தினார்கள். அதுவும் ஒரு சாயம்தான். ஆனால் அளவறிந்தவர் கையில் மருந்து. ஒரு மணி நேரத்தில் உதடுகளுக்கு நிறம் திரும்பியது. "பேரு சொன்னதாலதான் அங்கிள். இல்லன்னா நாங்க வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்போம்" என்றார் மருத்துவர்.

நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அக்கா அதைச் சொன்னார். "மிச்ச அரிசிய ஒம்பது வீட்டுக்காரங்க ஆளுக்கு ஒரு பை எடுத்துட்டுப் போயிட்டாங்களே அங்கிள். மொத ஈடு மூணு மணிக்கே காஞ்சிடுச்சு. வீட்டு வாசல்ல போடறதுக்கு."

ஒன்பது வீடுகள். விரலால் அரிசியைக் கிள்ளிப் போடும் பெண்கள். அதன்மேல் தவழும் குழந்தைகள். உடனே வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கும்படி செயலாளரிடம் சொன்னேன்.

"குரூப்ல போட்டா சங்கத்துப் பேரு என்ன ஆகும் சார்? நானே வீடு வீடாப் போய் மெதுவா வாங்கிடறேன்."

"எப்போது?"

"தீபாவளி முடியட்டுமே." பிறகு, குரலைத் தாழ்த்தி: "டின்னு உங்க லேப் டின்னு சார். கெட்டா ரெண்டு பேரு பேரும் சேர்ந்துதான் கெடும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பும் கண்ணாடிக் குடுவைகள் எப்போதும் தட்டுப்பாடு. தேநீர் அறையில் காலியாகும் பிஸ்கட் டின்களில் பொடியை இட்டு, மேலே ஒரு ஒட்டுத்தாளில் பொருளைக் குறிக்கும் மூன்றெழுத்து எழுதி அனுப்புவார் அவர். முதல் தடவை நான் கண்டித்தேன். பத்தாவது தடவை கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். வேலை நிற்கக் கூடாது என்பது அன்று எனக்குப் பெரிய நியாயமாகத் தெரிந்தது. தொழிற்சாலையை மூடிய வாரத்தில், 'நல்ல டின்' என்று சிலவற்றை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனதும் எனக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒட்டுத்தாள் எந்த ஆண்டில் உதிர்ந்ததோ.

என் பெயருக்கு ஒரு மாசு வராமல் வாழ்ந்தேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையை ஒன்பது வாசல்களில் பரப்பிவைத்துக் காக்க முடியாது. மருத்துவமனை நடைக்கூடத்திலேயே கைப்பேசியில் எழுதினேன்: 'மண்டபத்து மஞ்சள் அரிசி நஞ்சு. யாரும் தொட வேண்டாம், கூட்ட வேண்டாம், குப்பையில் கொட்ட வேண்டாம். தொட்டவர்கள் உடுப்பை மாற்றிச் சோப்பால் கழுவுங்கள். தலைவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்தப் பொடி என் பொறுப்பில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்த டின்னில் இருந்தது. தடுக்க வேண்டியவன் நான்.' கீழே என் முழுப்பெயரை இட்டேன். செயலாளர் தம் கைப்பேசியில் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தடித்த நெகிழிப் பைகளோடு வீடு வீடாக ஏறினேன். சிலர் வருத்தப்பட்டார்கள். ஒருவர், "இவ்ளோ படிச்சவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். கேட்டுக்கொண்டேன். எட்டு வீட்டுப் பை சேர்ந்தது. அபாயக் கழிவு எடுக்கும் உரிமம் பெற்றவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று.

ஒன்பதாவது வீடு செயலாளருடையது. வாசலில் கோலமே போட்டாயிற்று. நடுவில் மஞ்சள் வட்டம். அவர் துடைப்பத்தோடு நின்றார்.

"கூட்டக் கூடாது. தூசி பறக்கும். ஈரத்துணியால் ஒத்தி எடுக்க வேண்டும்" என்று இன்னொரு சோடிக் கையுறையை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார்.

இருவரும் முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கையில் இரும்புக் கதவுக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்றார். "நேத்து சாயங்காலம் முழுக்க உக்காந்து போட்டேன் சார். அரிசிதானே, அதுக்கு ஏன் இவ்ளோ? அந்தக் குரூப்ல நான் இல்ல. நீங்களாவது சொல்லுங்க, இவரு கேட்டா எதுவும் சொல்ல மாட்டேங்குறாரு."

நான் செயலாளரைப் பார்த்தேன், பார்வையை எடுக்கவுமில்லை.

அவர் துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். "மொத உள்ள போயி சோப்புப் போட்டுக் கையக் கழுவு. நேத்து கட்டியிருந்த சேலைய எடுத்துக் குடு" என்றார், தலை நிமிராமல். "அது வெறும் அரிசி இல்ல. நான் எடுத்துட்டு வந்த விஷம்."